தெளிந்த நீரும் திணறும் மீனும்



நகரத்து வீடுகளில் வரவேற்பறையை அலங்கரிக்கும் பொருள்களுள் உயிருள்ளது என்று சொல்லத்தக்கது அநேகமாக மீன் தொட்டி ஒன்றுதான். சென்னைக் கொளத்தூர்ப் பக்கம் போய், தங்கமீன்களையும் கப்பிகளையும் பாலிதீன் பையில் வாங்கி வந்து அன்று மாலையே தொட்டியில் விட்டு, குழந்தைகளின் குதூகலத்தைக் கண்டு தாமும் மகிழ்கிற பெற்றோர், பத்து நாள் கழித்து ஒரு விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டு கலங்கிப்போகிறார்கள். உடனே தொட்டியைக் காலி செய்து, கல்லையும் மணலையும் ஃபில்டரின் ஸ்பான்ஜையும் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்பி, மஞ்சளோ நீலமோ ஏதோ ஒரு மருந்தையும் ஊற்றி, அதற்கு மறுநாள் மிச்சமிருந்த மீன்களும் மடிந்து கிடக்கக் கண்டு, ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. தொட்டி மீன்கள் படும் துன்பங்களில் பெரும்பகுதி நீரின் கோளாறு. அந்தக் கோளாற்றைப் பல வீடுகளில் முற்ற வைப்பது நம்முடைய அளவுகடந்த சுத்தமே என்பது என் அபிப்பிராயம்.

கண்ணாடிச் சுவர்களுக்குள் ஒரு குளத்தின் வாழ்க்கையை அமைத்துவிட முடியுமா என்று முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களுள் முக்கியமானவர் ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய ரசாயன அறிஞர். பன்னிரண்டு காலன் கொள்ளும் தொட்டியொன்றில் இரண்டு சிறிய தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்து, செடி பிராணவாயுவைக் கொடுக்கும், மீன் அதைச் சுவாசிக்கும், வரவும் செலவும் சரியாகிவிடும் என்று அவர் எதிர்பார்த்தார். ஆனால் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கத் தொடங்கியது. அவர் நீரை இறைத்துக் கொட்டிவிடாமல், அழுகிய இலையைத் தின்னும் நீர்நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார், நீர் தெளிந்தது. இந்தச் சோதனையை 1850-ஆம் ஆண்டில் லண்டன் ரசாயனச் சங்கத்தாருக்கு அவர் விவரித்தார்.

நத்தை கண்ணுக்குத் தெரிந்த ஊழியன். கண்ணுக்குத் தெரியாத ஊழியர்களைத் தேடும் பணி, அதே பெயரைத் தாங்கிய அவருடைய மகனுக்கு வாய்த்தது. மகன் வாரிங்டன் ராதம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணை ஆராய்ந்து, அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது இரண்டு படிகளில், இரு வேறு நுண்ணுயிர்களால் நடைபெறும் காரியம் என்று காட்டினார். அவற்றைத் தனியே பிரித்தெடுக்கும் பெருமை 1890-ஐ ஒட்டி ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கிக்குக் கிட்டியது. மகன் மண்ணில் கண்ட அந்தச் சூட்சுமம்தான் தந்தையின் தொட்டிக்குள்ளும் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. நம் வீட்டுத் தொட்டியிலும் நடக்க வேண்டியது அதுவே.

மீன் உண்ட உணவிலுள்ள புரதத்தின் கழிவு, பெரும்பாலும் செவுள்களின் வழியாகவே, அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்ற, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் விஷம். மூன்றாவது மிகுந்து சேர்ந்தாலன்றித் தீங்கு செய்யாது. இந்த நுண்ணுயிர்கள் ஸ்பான்ஜின் துளைகளிலும் சரளைக் கற்களின்மேலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் பத்துப் பன்னிரண்டு மீன்களை விட்டு வேளைக்கு வேளை தீனியும் போட்டால், விஷம் உண்டாகிறதே தவிர அதை மாற்றுவதற்கு ஆள் இல்லை. இடையில் ஸ்பான்ஜைக் குளோரின் கலந்த குழாய்நீரில் பிழிந்துவிட்டாலோ, குடியேறிய சில நுண்ணுயிர்களும் தொலைந்து, தொட்டி முதல் நாளைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. நீர் மட்டும் வெகு தெளிவாக இருக்கும், அம்மோனியாவுக்கு நிறமில்லையே! வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் டெஸ்ட் கிட்டை வாங்கி, சிறு கண்ணாடிக் குழலில் ஐந்து மில்லி தொட்டிநீரை எடுத்து, அதற்குரிய சொட்டுகளை விட்டுச் சற்று நேரம் பொறுத்திருந்தால், அம்மோனியா இல்லாத நீர் மஞ்சளாகவே நிற்கும். இருந்தால் பச்சை படரும். அந்தப் பச்சையைக் கண்டபின் தெளிந்த நீரை நம்ப மனம் வராது.

இனி, மீன் திணறுவதைக் கண்டால் என்ன செய்வது? முதலில் கடிகாரத்தையும் நாள்காட்டியையும் பாருங்கள். நீர் மாற்றிய ஒரு மணி நேரத்துக்குள் மீன்கள் துடித்துப் பாய்ந்து மேலே வந்தால், குளோரினைச் சந்தேகிக்க வேண்டும். சோடியம் தயோசல்ஃபேட் கரைசலைச் சில சொட்டு விட்டால் அது உடனே செயலிழக்கும். விடியற்காலையில் மட்டும் எல்லா மீன்களும் மேலே வந்து, பொழுது ஏறியதும் இயல்பாகிவிட்டால், இரவில் செடிகளும் சேர்ந்து சுவாசித்ததால் பிராணவாயு குறைந்திருக்கிறது என்று பொருள். இருபது பாகை வெப்பத்தில் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும் நீர், முப்பது பாகையில் ஏழரைதான் தாங்கும். ஆகையால் கோடைக்காலத்து இரவில் ஏர் பம்பை நிறுத்துவது பெரும் பிழை.

தொட்டி வைத்த இரண்டாம் மூன்றாம் வாரத்தில், பம்பு ஓடிக்கொண்டிருந்தும் மீன்கள் மூச்சு வாங்கினால் அது அம்மோனியாவாகவோ நைட்ரைட்டாகவோ இருக்கும். நைட்ரைட் இரத்தத்தில் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுத்துவிடுவதால், சிவந்திருக்க வேண்டிய செவுள் பழுப்பேறிக் காணப்படும். லிட்டருக்கு அரை கிராம் உப்பைக் கரைத்துச் சேர்த்தால், உப்பிலுள்ள குளோரைடு செவுளின் வாயிலில் நைட்ரைட்டோடு போட்டியிட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கும். இவையெல்லாம் இல்லாமல், உப்புத்தூளைத் தூவினாற்போல் உடலெங்கும் வெண்புள்ளிகள் தோன்றி, மீன் கல்லில் உரசிக்கொண்டு திரிந்தால், அதுவே மெய்யான நோய். அதை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் இருக்கும் வரை மருந்துக்கு அகப்படாது. முதிர்ந்து உதிர்ந்து, பல்கி, குஞ்சுகளாய் நீந்தித் திரியும்போதுதான் மருந்து அதைக் கொல்லும். புள்ளி மறைந்த அன்றே வைத்தியத்தை நிறுத்துகிறவர்கள் அடுத்த வாரம் மறுபடியும் தொடங்க நேர்வது இதனால்தான்.

நம் ஊர்களுக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. ஒரு நாள் மெட்ரோ நீர், ஒரு நாள் போர் நீர், தட்டுப்பாட்டுக் காலத்தில் லாரி நீர் என்று ஒரே வீட்டிலேயே நீரின் குணம் மாறிக்கொண்டிருக்கிறது. நாளான தொட்டிநீர் மெல்ல அமிலத்தன்மை அடைந்திருக்கும். அந்நிலையில் அம்மோனியாவின் பெரும்பகுதி தீங்கற்ற வடிவில் அடங்கிக் கிடக்கும். அதில் காரத்தன்மையுள்ள போர் நீரைக் கொட்டி பி.எச். ஏழிலிருந்து எட்டுக்கு ஏறினால், அம்மோனியாவின் விஷ வடிவம் ஏறக்குறையப் பத்து மடங்காகிவிடும். ‘அழுக்கு நீரில் ஆறு மாதம் இருந்த மீன் நல்ல நீரில் ஒரே நாளில் செத்ததே’ என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை.

ஆகவே பரிகாரம் எளிது. அவசரம் கூடாது என்பதே அதில் கடினம். தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள். ஆரோக்கியமான மீன் அதனால் சாகாது. காற்றோட்டத்தை அதிகப்படுத்துங்கள். குளோரின் நீக்கிய நீரைத் தொட்டிநீரின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, கால்பங்கு மட்டும் மெதுவாக மாற்றுங்கள். தேவையானால் மறுநாள் இன்னொரு கால்பங்கு. ஸ்பான்ஜ் அடைத்துக்கொண்டால், வெளியே எடுத்த பழைய தொட்டிநீரிலேயே இரண்டு முறை அலசி மாட்டுங்கள். அது பழுப்பாக இருப்பது குற்றமல்ல. கல்லையும் ஸ்பான்ஜையும் ஒரே நாளில் தொடாதீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டொரு மீன்களோடு தொடங்கி, டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் மறைந்தபின் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது உத்தமம்.

மருந்து வாங்கப் புறப்படுமுன், ‘தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது? யார் கழுவியது, எந்த நீரில்?’ என்று வீட்டில் ஒரு முறை விசாரித்துவிடுங்கள். பெரும்பாலும் கடைவரை போகும் அவசியம் இராது.