16 வாக்குகள்



தன்னாட்சியற்ற ஆட்புலங்களை ஆளும் நாடு அவற்றைப் பற்றி அறிக்கையளிக்க வேண்டும் என்கிறது ஐ.நா. சாசனத்தின் 73ஆம் உறுப்புரை. 1955இல் ஐ.நா.வில் இணைந்த போர்த்துக்கலோ, அங்கோலாவும் மொசாம்பிக்கும் தனது 'கடல்கடந்த மாகாணங்களே' என்று சொல்லி அக்கடமையை மறுத்தது. பெயரை மாற்றினால் அடிமைத்தனம் மாறிவிடுமா?

நியூசிலாந்து வேறு வழியில் சென்றது. மூன்றே பவளத்தீவுகளைக் கொண்ட டோக்கெலாவுக்கு 1976இல் ஐ.நா. தூதுக்குழுவை வரவேற்றது. 2006இலும் 2007இலும் ஐ.நா. பார்வையாளர் முன்னிலையில், நியூசிலாந்துடன் இணைந்த தன்னாட்சி வேண்டுமா என்று அம்மக்களிடமே கேட்கப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. இரண்டாம் முறை 692 வாக்குகளில் 446 மட்டுமே ஆதரவு. 16 வாக்குகள் போதவில்லை. முடிவை நியூசிலாந்தும் ஏற்றது. டோக்கெலா ஐ.நா. பட்டியலிலேயே நீடித்தது.

தீவுகளில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 1,500 பேர். நியூசிலாந்தில் குடியேறிய டோக்கெலாவரோ அதனினும் பன்மடங்கினர். அவர்களுக்கு அவ்வாக்கெடுப்பில் வாக்குரிமை இல்லை.