மெட் காலா: படிக்கட்டுக்குப் பின்னால யார் நிக்குறாங்க?

மே மாசம் முதல் திங்கட்கிழமை முடிஞ்ச மறுநாள் காலையில ஃபோனைத் திறந்தா என்ன வரும்? ஒரு படிக்கட்டு. அதுல பத்தடி நீளத்துக்கு இழுபடுற கவுன். 2025ல ஷாருக் கான் சப்யசாச்சி டிசைன்ல வந்தாரு, தில்ஜித் தோசாஞ்ச் மகாராஜா மாதிரி தலைப்பாகையோட வந்தாரு. நம்ம டைம்லைன் ரெண்டு நாளைக்கு அதுலயே ஓடுச்சு. இன்னைக்கு நான் பேசப்போறது அந்தப் படிக்கட்டுக்குப் பின்னால வேலை பாக்குறவங்களைப் பத்தி.

முதல்ல ஒண்ணு. மெட் காலா ஃபேஷன் ஷோ இல்ல, நிதி திரட்டுற விருந்து. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல காஸ்ட்யூம் இன்ஸ்டிட்யூட்னு ஒரு பிரிவு இருக்கு. உடை, செருப்பு, தொப்பின்னு 33,000க்கும் மேல பொருட்கள் அங்க இருக்கு. அந்த மியூசியத்துல தன் செலவுக்குத் தானே பணம் திரட்டிக்க வேண்டிய ஒரே கலைப்பிரிவு இதுதான். அதனாலதான் 1948ல எலினார் லாம்பர்ட்ங்கிற பிஆர் நிபுணர் ஒரு நள்ளிரவு விருந்தை ஆரம்பிச்சாங்க. டிக்கெட் 50 டாலர். 2025ல அதே டிக்கெட் 75,000 டாலர், நம்ம காசுக்கு அறுபது லட்சத்துக்கும் மேல. பணம் இருந்தாலும் அழைப்பு வந்தாத்தான் வாங்க முடியும். அந்த வருஷம் திரண்டது 3 கோடியே 10 லட்சம் டாலர்.

இப்ப வேலைக்கு வருவோம். விருந்தையும் கண்காட்சியையும் ஒரே நேரத்துல தயார் பண்ணணும். விருந்துப் பக்கம் வோக் பத்திரிகை ஆட்கள். யார் பக்கத்துல யார் உக்காரணும்னு மாசக்கணக்கா அட்டையில பேரை ஒட்டி ஒட்டி மாத்துவாங்க. கண்காட்சிப் பக்கம் மியூசியம் ஊழியர்கள். பட்டுத் துணிக்கு வெளிச்சம் ஆகாது, சாயம் போயிடும். பழைய துணிக்கு மியூசியங்கள் பொதுவா 50 லக்ஸ் அளவுதான் அனுமதிக்கும். நம்ம வீட்டு டியூப் லைட் வெளிச்சத்தைவிட மங்கல். ஒரு பக்கம் கேமராவுக்காக வெளிச்சம் கேக்குறாங்க, இன்னொரு பக்கம் விளக்கைக் குறைன்னு சொல்றாங்க. 2015 காலாவுக்கான ஏற்பாடுகளைப் படம்பிடிச்ச 'தி ஃபர்ஸ்ட் மண்டே இன் மே' ஆவணப்படத்துல இந்த ரெண்டு உலகத்தையும் பாக்கலாம். எனக்கு அதுல வர்ற நட்சத்திரங்களைவிட, பொம்மைக்கு உடை மாட்டுற ஊழியர்களோட கைகள்தான் ஞாபகம் இருக்கு.

அப்புறம் பாட்டு. அந்த 2015 ராத்திரி ரிஹானா பாடினாங்க. 2019ல ஷேர். 2023ல லிஸோ புல்லாங்குழல் மேதை ஜேம்ஸ் கால்வேயோட சேந்து வாசிச்சாங்க. நிகழ்ச்சி நடக்குற இடத்தைப் பத்தித்தான் நான் ரொம்ப யோசிக்கிறேன். விருந்து பெரும்பாலும் டெண்டூர் கோயில் இருக்குற கூடத்துல நடக்கும். ரெண்டாயிரம் வருஷப் பழமையான எகிப்துக் கோயில். அஸ்வான் அணைத் தண்ணில மூழ்காம இருக்க கல் கல்லா பிரிச்சு, 1965ல அமெரிக்காவுக்குக் குடுத்தாங்க. 1978ல இருந்து மெட்ல நிக்குது. மணற்கல். ஒரு பக்கம் கண்ணாடிச் சுவரு, தரையில தண்ணி. இந்த மாதிரி கூடத்துல சத்தம் எங்கயும் உறிஞ்சப்படாது, எகிறி எகிறி வரும். ஒலிப்பொறியாளர்களுக்கு அது பெரிய தலைவலி.

மியூசியம்காரங்களுக்கு வேற தலைவலி: அதிர்வு. 2013ல மான்செஸ்டர் மியூசியத்துல ஒரு சின்ன எகிப்துச் சிலை கண்ணாடிப் பெட்டிக்குள்ள தானா திரும்புது, யாரும் தொடல. ஃபாரோ சாபம்னு இணையமே கொண்டாடுச்சு. கடைசியில பாத்தா வெளியில ஓடுற வண்டிங்க, உள்ள நடக்குறவங்க காலடி... அந்த அதிர்வுலதான் சுத்தியிருக்கு. சிலையோட அடிப்பாகம் கொஞ்சம் உருண்டையா இருந்ததால அது மட்டும் திரும்பியிருக்கு. டவுன் பஸ்ஸுக்கே அப்படின்னா பேஸ் ஸ்பீக்கருக்கு? அதனாலதான் கச்சேரி நடக்குற மியூசியங்கள்ல சின்னப் பொருளை மெழுகு வெச்சு நிறுத்துவாங்க, அதிர்வு மானி மாட்டுவாங்க, ஸ்பீக்கரைத் தள்ளி வைக்கச் சொல்லி சண்டை போடுவாங்க. இதைச் சொல்றவங்களுக்கு பார்ட்டியில நல்ல பேரு கிடைக்காது. ஆனா அவங்க இல்லைன்னா அடுத்த வருஷம் காட்டுறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

சரி, தன்னார்வலர்கள். 1974ல ஆந்த்ரே லியோன் டாலின்னு ஒரு கறுப்பின இளைஞர் இந்தப் பிரிவுக்குச் சம்பளம் இல்லாத உதவியாளரா வந்தாரு. பாட்டி வளத்த புள்ள, பாட்டி வீட்டு வேலை, துப்புரவு வேலை பாத்தவங்க. அப்ப அங்க ஆலோசகரா இருந்த டயானா வ்ரீலண்ட், ஹாலிவுட் உடைக் கண்காட்சிக்காக லானா டர்னர் படத்துல போட்ட உலோக உடையைக் குடுத்தாங்க. அது துண்டு துண்டா கிடந்துச்சு. இடுக்கி வெச்சு கோத்து நிமித்தினாரு. அதுதான் அவரோட முதல் வேலை. பின்னால வோக்ல கிரியேட்டிவ் டைரக்டர் ஆனாரு.

இதைக் கேட்டதும் 'பாத்தீங்களா, இலவசமா உழைச்சா உயரலாம்'னு ஒரு ரீல்ஸ் போடத் தோணும். எனக்கு அது ஒப்பல. நியூயார்க்ல சம்பளம் இல்லாம மாசக்கணக்கா வேலை பாக்க எத்தனை பேரால முடியும்? ஒரு டாலி மேல வந்தாருன்னா, வாடகை குடுக்க முடியாம ஊருக்குத் திரும்பினவங்க கதையை யாரும் புத்தகமா எழுதல.

சம்பளம்னதும் இன்னொண்ணு. 2024ல வோக்கை நடத்துற காண்டே நாஸ்ட் நிறுவனத்தோட ஊழியர் சங்கம், ஒப்பந்தம் முடியலைன்னா காலா அன்னைக்கு மறியல்னு சொல்லிடுச்சு. அந்தத் திங்கட்கிழமை காலையிலதான் உடன்பாடு வந்துச்சு. நாள் பாத்துத்தான் அடிச்சிருக்காங்க, எனக்கு விசில் அடிக்கணும் போல இருந்துச்சு.

கம்பளம் நெஞ்சவங்களும் இந்தக் கணக்குல வருவாங்க. 2023ல அந்தப் படிக்கட்டுல விரிச்சது கேரளாவுல, ஆலப்புழா மாவட்டத்துல நெஞ்சது. படத்துல எல்லாரும் அது மேலதான் நின்னாங்க, யாரும் குனிஞ்சு பாக்கல.

பணம் யாருடையதுங்கிற கேள்வியும் இருக்கு. டெண்டூர் கோயில் கூடம் ரொம்ப நாள் சாக்லர் குடும்பப் பேருல இருந்துச்சு. ஆக்ஸிகான்டின்ங்கிற வலி மாத்திரையால காசு பாத்த குடும்பம். அதுக்கு அடிமையாகி மீண்ட புகைப்படக் கலைஞர் நான் கோல்டின், 2018 மார்ச்ல கூட்டத்தோட வந்து அதே கூடத்துத் தண்ணில மாத்திரை பாட்டில்களை எறிஞ்சாங்க. 2021 டிசம்பர்ல அந்தப் பேரை எடுக்கிறதா மியூசியம் அறிவிச்சது. அதுக்கு மூணே முக்கால் வருஷம் பிடிச்சுது.

நம்ம ஊர்ல மியூசியத்துக்கோ, சபா கச்சேரிக்கோ, காலேஜ் ஃபண்ட்ரைசருக்கோ வாலண்டியரா ஓடியிருக்கீங்களா? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடுறேன். சம்பளம் குடுத்தாங்களா, சர்டிஃபிகேட் மட்டும்தானா, சாப்பாடாவது போட்டாங்களான்னு அதையும் சேத்துச் சொல்லுங்க.