அம்பாரிக்குக் கீழே

மைசூர் என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது இரவில் ஒளிரும் அரண்மனை. ஏறத்தாழ 97,000 விளக்குகள் ஒரே நொடியில் எரியும்போது, தசரா விழாவே இந்த மாளிகையில்தான் பிறந்தது என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. இன்று நாம் பார்க்கும் அம்பா விலாஸ் அரண்மனை கட்டி முடிக்கப்பட்டது 1912இல். மைசூரை ஆண்ட உடையார் மரபின் தசராவோ 1610இல், ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றியபின் அங்கே தொடங்கியது. அதற்கும் மூத்தது விஜயநகரத்து மகாநவமி விழா. 1443இல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்கும், 1520ஐ ஒட்டி வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸும் அதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்கள். விஜயநகரத் தலைநகர் இருந்த ஹம்பியில் மகாநவமி மேடை அடுக்கடுக்கான கல்லாக இன்றும் நிற்கிறது; அதன்மீது நடந்த விழா நின்றுபோய்ப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. மைசூரில் நடந்தது வேறு. 1897இல் இளவரசி ஜெயலட்சுமியம்மணியின் திருமணத்தின்போது பழைய மர அரண்மனை தீயில் அழிந்தது. புதியது எழும்வரை பதினைந்து ஆண்டுகள் அரச குடும்பம் ஜகன்மோகன் அரண்மனையில் இருந்தது, கொலு மண்டபமும் அங்கே மாறியது, தசரா தொடர்ந்தது. சென்னைக் கன்னிமாரா நூலகத்தைக் கட்டிய ஹென்றி இர்வின், சுமார் 41 லட்சம் ரூபாய்ச் செலவில் எழுப்பிய புதிய மாளிகைக்குள் தசரா பின்னால்தான் குடிபுகுந்தது. கட்டடம் நின்றும் ஹம்பியில் விழா இல்லை, கட்டடம் எரிந்தும் மைசூரில் விழா இருந்தது என்றால், விழாவைத் தாங்குவது கட்டடம் அல்ல என்பது தெளிவு.

அப்படியானால் தாங்கியது அரசரா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஹம்பியில் அரசு வீழ்ந்ததால்தானே விழாவும் வீழ்ந்தது? அதற்கும் மைசூரிலேயே விடை இருக்கிறது. விஜயதசமியன்று தங்க அம்பாரியில் அமர்ந்து ஊர்வலம் வந்தவர் மகாராஜா. 1971இல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டது. அந்தக் காலகட்டத்தோடு அவர் அம்பாரியில் அமர்வதும் முடிந்தது. அவர் இருந்த இடத்தில் சாமுண்டீஸ்வரி அம்மனை எழுந்தருளச் செய்தார்கள். மாநில அரசு செலவை ஏற்றது. 'நாட ஹப்பா', அதாவது நாட்டின் திருவிழா என்ற பெயரும் நிலைத்தது. வீடுதோறும் பொம்மைக் கொலு வைத்து நவராத்திரி கொண்டாடும் ஒரு மக்கள் கூட்டத்துக்கு, அம்பாரியில் அம்மன் வருவது அந்நியமாகத் தோன்றவில்லை. சுற்றுலாவுக்காக அரசு நடத்தும் காட்சியாக இது சுருங்கிவிட்டது என்று சிலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தில் உண்மை உண்டு. ஆனால் பழைய தசராவும் அரசு நடத்திய காட்சிதான். தன் படைபலத்தை ஊரார்க்குக் காட்டவே அரசன் யானைமீது வந்தான். அன்றும் இன்றும் அறுபடாமல் வருவது அந்தக் காட்சிக்கு அடியில் இருக்கும் உழைப்பு.

அதை அருகில் போய்ப் பார்ப்போம். அம்பாரியின் எடை மட்டும் சுமார் 750 கிலோ. விழாவுக்குப் பல வாரங்களுக்கு முன்பே வன முகாம்களிலிருந்து யானைகள் வந்துவிடுகின்றன. பாகன்களும், காவடி என்று அழைக்கப்படும் உதவியாளர்களும் குடும்பத்தோடு அரண்மனை வளாகத்தில் தங்குகிறார்கள். முதலில் எடைமேடையில் யானையை நிறுத்தி எடை பார்க்கிறார்கள். பிறகு வெறும் நடை; அப்புறம் முதுகில் மெத்தை பரப்பி, கயிற்றால் இறுக்கி, மணல் மூட்டை. மூட்டையின் எடை சிறிது சிறிதாகக் கூடும். அதற்கும் பின்னரே மர அம்பாரி. பீரங்கி முழக்கத்துக்கு மிரளாமலிருக்கத் தனிப் பழக்கம். இத்தனையும், அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நடப்பதற்காக. மெத்தை ஒரு பக்கம் சரிந்தால் அம்பாரியும் சரியும். கயிற்றை எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்பது கையிலிருந்து கைக்கு வந்த அறிவு. ஒரு காட்டு விலங்கின் முதுகில் இவ்வளவு எடையை ஏற்றலாமா என்ற கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவானால், எவ்வளவு, எப்படி என்று சொல்லத் தகுதி உள்ளவர்களும் யானையோடு வாழும் இந்தப் பாகன்கள்தான்.

அரண்மனையைக் காக்க 1998இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். பாகனின் கைத்திறனைக் காக்க அதே அக்கறை வேண்டும் என்பதே என் வாதம். பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பு, முகாமில் நல்ல வீடு, நிலையான சம்பளம் ஆகியவற்றை விழாச் செலவின் முதல் வரியில் எழுத வேண்டும். தசரா நாட்களில் மைசூர் போகும் நேயர்களே, விளக்கு எரியும் மாலைக்காக மட்டும் காத்திருக்காமல், காலையில் யானைகள் பயிற்சி நடை புறப்படும் நேரத்துக்கே போய் நில்லுங்கள்.