சங்கத்தின் பெயரால்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கல்வியிற் சிறந்தோர் பலர் பேசிய இம்மேடையில், பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கும் சிறிது நேரம் அளித்துள்ளீர்கள். நன்றி. நான் அன்றாடம் பழகும் பொருள்கள் காகிதமும் முத்திரையுமே. ஆதலால் அவற்றைப் பற்றியே சில சொல்ல விரும்புகின்றேன்.

ஒரு சங்கத்திற்கு உடலுமில்லை, வாயுமில்லை. அதன் பெயரும் இலச்சினையும் கடிதத் தாளுமே அதற்கு வாயாகும். அத்தாளில் ஒருவர் எழுதுவதைச் சங்கத்தார் அனைவரும் கூறியதாகவே உலகம் கொள்ளும்.

இதனைத் தொழிற்கழகங்கள் நன்குணர்ந்துள்ளன. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்ற இந்தியப் பட்டயக் கணக்கர் கழகத்தின் இலச்சினை கருட உருவமாகும். அதை உறுப்பினர் தம் கடிதத் தாளில் இட்டுக்கொள்ளுதல் ஆகாது. உறுப்பினர்க்கெனத் தனிக் குறியொன்று உண்டு. அதையும் விதித்த வடிவத்திலேயே வழங்க வேண்டும். "நான் கழகத்தின் உறுப்பினன்" என்பது வேறு. "கழகமே பேசுகின்றது" என்பது வேறு. இதுவே அவ்விதியின் உட்கருத்து.

செஞ்சிலுவைக் குறியை எண்ணிப் பாருங்கள். மருத்துவர் எல்லார்க்கும் உரியதென்று கருதி, பலர் அதை மோட்டாரிலும் மருந்துக் கடையிலும் தீட்டிக்கொள்கின்றனர். போர்க்களத்தில் காயமுற்றோரையும் அவர்க்கு உதவுவோரையும் காப்பதற்கென 1864இல் ஜினீவாவில் நாடுகள் ஒப்புக்கொண்ட குறி அது. அனுமதியின்றி அதை வழங்குதலை நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஜினீவா உடன்படிக்கைச் சட்டம் தடுக்கின்றது. கண்டவிடமெல்லாம் காணப்படும் குறியை, உயிர் காக்க வேண்டிய வேளையில் யார் மதிப்பார்?

பெரிய கழகங்களின் கதை நமக்கெதற்கு என்பீர்கள். ஆகவே என் பிழையையே சொல்லுகின்றேன். சில ஆண்டுகட்கு முன் நான் நம் சங்கத்தின் செயலாளனாக இருந்தபோது, என் மைத்துனர் மகனுக்குப் பள்ளியில் இடம் வேண்டியிருந்தது. யாரையும் கேளாமல் சங்கத் தாளில் பரிந்துரை எழுதி முத்திரையும் இட்டுக் கொடுத்தேன். இடம் கிடைத்தது. மறு ஆண்டில், தந்தையை இழந்த இரு குழந்தைகளுக்குச் சம்பளச் சலுகை கோரி, செயற்குழுவின் தீர்மானப்படி அதே பள்ளிக்கு எழுதினோம். கடிதத்தைப் பார்த்த தலைமையாசிரியர், "இவர்களும் உங்கள் உறவினர்தாமோ?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன். தலைவர் நேரிற் சென்று விளக்கிச் சலுகை பெற மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை அத்தாய் தன் வளையலை அடகு வைத்துச் சம்பளம் கட்டினார். அந்த வளையல் இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது.

ஆகவே சில விதிகளைப் பணிவுடன் வேண்டுகின்றேன். சங்கத் தாள்களுக்கு வரிசை எண் இடுக. வெளிச்செல்லும் ஒவ்வொரு கடிதத்தையும் பதிவேட்டில் எழுதி, படி ஒன்றைக் கோப்பில் வைத்திடுக. செயற்குழு ஏற்காத செய்திக்குச் சங்கப் பெயர் வேண்டா. சொந்தக் காரியம், வாணிகம், தேர்தல் ஆகிய மூன்றிற்கும் தாளைத் தொடவே வேண்டா. பதவி முடிந்தவர் எஞ்சிய தாள்களையும் முத்திரையையும் அன்றே ஒப்படைக்க வேண்டும். இக்காலத்தில் இலச்சினையைக் கைப்பேசியிலேயே எவரும் படியெடுத்துவிடலாம். பெட்டிக்கு இடும் பூட்டு மட்டும் போதாது. நம் ஒவ்வொருவர் மனமும் பூட்டாக வேண்டும்.

அச்சிட்ட தாளொன்றின் விலை சில ரூபாயும் பெறாது. அதன் தலைப்பிலுள்ள பெயருக்கு இவ்வூரில் மதிப்புத் தேட, நம் மூத்தோர்க்குப் பல்லாண்டுகள் ஆயின. நாளை உதவி நாடி வரும் ஏழைக் குடும்பத்திற்கு அம்மதிப்பு குறையாமல் கிடைக்குமாறு காப்பது நம் கடன்.