பனிக்காகக் காத்திருக்கும் மக்கள்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



காலையில் மழை கொட்டியதே, பார்த்தீர்களா? வாசலில் ஓர் அம்மா, "பாழாப்போன மழை, இன்னிக்குத்தானா வரணும்?" என்று சலித்துக்கொண்டார். நியாயந்தான். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. அன்றைய கூலியும் போச்சு என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வானத்திலிருந்து ஏதாவது விழாதா என்று ஏங்குகிற மக்களும் இவ்வுலகில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

இந்தியாவின் வடகோடியில் லடாக் என்றொரு மலைநாடு. அதன் தலைநகரங்களில் ஒன்றான லே, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழை மேகங்களை இமயமலை தடுத்துவிடுவதால், அங்கே மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். நமக்கோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல்! நாம் ஒரு மாதத்தில் நனைகிற அளவு கூட அவர்களுக்கு ஓர் ஆண்டில் கிடையாது.

அவர்கள் வாற்கோதுமை பயிரிடுகிறார்கள். கோடை குறுகியது, ஏப்ரல், மே மாதங்களிலேயே விதைத்தாக வேண்டும். ஆனால் உச்சியிலுள்ள பனிப்பாறைகள் நன்றாக உருகி ஓடை பெருகுவது ஜூனில்தான். விதைக்கும்போது தண்ணி இல்லை! குளிர்காலத்தில் பனி நிறைய விழுந்தால் அது முன்கூட்டியே உருகிக் கைகொடுக்கும். பனி பொய்த்துவிட்டால் வயல் காயும். உலகம் சூடாகி வருவதால் பனிப்பாறைகளும் சுருங்கி வருகின்றன. ஓடைத் தண்ணீரை முறை வைத்துப் பிரித்துக் கொடுப்பதற்கென்றே ஊரார் ஓர் ஆளை நியமிக்கிறார்கள். எங்கள் லயத்துக்கு ஒரே குழாய் இருந்த காலத்தில், வாளி வரிசையில் நடந்த சண்டைகளை நினைத்துப் பார்க்கிறேன். அந்த ஆளின் பாடு எனக்குப் புரிகிறது!

அந்த மண்ணில் பிறந்த பொறியாளர் செவாங் நோர்பெல். குளிர்காலத்தில் அங்கே குழாயைத் திறந்தே விடுவார்கள். மூடினால் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடும். அப்படி வழிந்த தண்ணீர், மர நிழலில் தேங்கிப் பனிக்கட்டியாகிக் கிடந்ததை அவர் கவனித்தார். எல்லாரும் தாண்டிப்போன இடத்தில் அவர் நின்றார். குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடையை நிழலான சரிவுக்குத் திருப்பி, கல் தடுப்புகளால் மெதுவாக்கி உறைய வைத்தால் என்ன? 1987இல் புக்சே கிராமத்தில் செய்தே காட்டினார். ஊருக்குப் பக்கத்தில் தாழ்வாக இருப்பதால், அந்தப் பனி விதைப்புக் காலத்திலேயே உருகியது. முதலில் அவரைப் பைத்தியக்காரர் என்றுகூடச் சிலர் சொன்னார்களாம். 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவருக்குப் பின் வந்தவர் சோனம் வாங்சுக். மேட்டு ஓடையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீரைக் கீழே கொண்டுவந்தார். மேட்டிலிருந்து வரும் வேகத்தில், எந்த இயந்திரமும் இல்லாமலே அது நிமிர்த்திய குழாயில் மேலெழும்பிச் சிதறும். கடுங்குளிர் இரவில் விழுந்தபடியே உறைந்து கூம்பாக நிற்கும். கூம்பில் வெயில் படும் பரப்புக் குறைவு. ஆகையால் மெதுவாக உருகும். இதைப் பனித் தூபி என்கிறார்கள். முதல் தூபியை 2013-14 குளிர்காலத்தில் தம் மாணவர்களோடு கட்டினார். அவர்கள் படித்தது எந்தப் பள்ளி தெரியுமா? பத்தாம் வகுப்புத் தேர்வில் தோற்ற பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிற பள்ளி!

இதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பனியே விழாமல், ஓடையே வற்றிவிட்டால் உறைய வைக்கத் தண்ணீர் ஏது? ஆகவே அம்மக்கள் இன்றும் வானத்தைப் பார்த்தபடிதான் இருக்கிறார்கள். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கவில்லை.

மாணவச் செல்வங்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்குவோருக்கு என் வாழ்த்து. வாங்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களை நினைத்துத்தான் இந்தக் கதையைச் சொன்னேன். பெற்றோர்களே, பரிசு இல்லையென்று வீட்டுக்குப் போய் அவர்களைத் திட்டாதீர்கள். "இன்னிக்கு என்னத்தப்பா புதுசாப் பார்த்தே?" என்று கேளுங்கள். குழாயடியைக் கவனித்த ஒரு கண், ஒரு கிராமத்துக்கே தண்ணீர் கொடுத்திருக்கிறது.