மலையேறிய நாயும் மனிதனின் கடனும்



நட்பைப் பற்றிச் சொல்ல வந்த நாலடியார் ஓரிடத்தில் யானையையும் நாயையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றது. யானை, நெடுநாள் பழகிய தன் பாகனையே கொன்றுவிடக்கூடும். நாயோ, வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பிலே தைத்து நிற்கும்போதும் வாலைக் குழைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே நாயைப் போன்றவர்களின் நட்பையே நாடுங்கள் என்பது அச்செய்யுளின் கருத்து. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்த நாமெல்லோரும் நாயின் நன்றியை மெச்சினோம். வேலெறிந்த கையைப் பற்றி எந்த ஆசிரியரும் கேட்டதில்லை. எந்த மாணவனும் கேட்டதில்லை. இன்று அந்தக் கையைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று நினைக்கிறேன். அதற்காக உங்களை இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள மலைநாட்டுக்கு அழைத்துச் செல்கிறேன்.

ஏரி மாவட்டம் என்று அழைக்கப்படும் அந்தப் பிரதேசம், மகாகவி வேர்ட்ஸ்வேர்த் வாழ்ந்து பாடிய மண். 1951ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும், 2017இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தலமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. மலைகளும் ஏரிகளும் செம்மறி ஆடுகளும் நிறைந்த நாட்டுப்புறம். நாயைக் கூட்டிக்கொண்டு மலையேற வருகிறவர்களை அங்கே நாள்தோறும் காணலாம். விடுதிகள் பலவற்றில் நாய்க்கும் இடம் உண்டு. வாசலிலே அதற்கென்று தண்ணீர்க் கிண்ணமும் இருக்கும்.

இப்படி ஒரு நாயோடு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே வந்தான் ஓர் இளைஞன். பெயர் சார்ள்ஸ் கொஃப். மன்செஸ்டரைச் சேர்ந்தவன். 1805 ஏப்ரில் மாதத்தில் பட்டர்டேல் என்ற கிராமத்திலிருந்து புறப்பட்டு, 950 மீற்றர் உயரமான ஹெல்வெலின் மலையைத் தாண்டி, கிராஸ்மியருக்குப் போக நினைத்தான். துணைக்கு மனிதர் எவருமில்லை. ஃபொக்ஸி என்ற டெரியர் இனப் பெட்டைநாய் ஒன்றுதான் உடன் சென்றது. அவன் போய்ச் சேரவேயில்லை. ஜூலை 27ஆந் திகதி, மலையின் கீழே ரெட் டார்ன் என்ற சிற்றேரியின் பக்கத்தில் நாய் குரைக்கும் சத்தம் கேட்டு ஓர் இடையன் போய்ப் பார்த்தான். அங்கே கிடந்தது எலும்புக்கூடு. அதன் அருகில், மூன்று மாதம் கழிந்த பின்னும், உயிரோடு நின்றது அந்த நாய்.

அதே ஆண்டில் வேர்ட்ஸ்வேர்த்தும், சேர் வோல்ட்டர் ஸ்கொட்டும், விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியும் ஒன்றுசேர்ந்து ஹெல்வெலின் மலையில் ஏறினார்கள். கவிஞர் இருவரும் அந்த நாயைப் பற்றித் தனித்தனியே கவிதை எழுதினார்கள். ஸ்கொட் தம் கவிதைக்கு மலையின் பெயரையே வைத்தார். வேர்ட்ஸ்வேர்த் வைத்த தலைப்பு, தமிழிலே சொன்னால், 'விசுவாசம்'. 1829இல் லாண்ட்சீயர் என்ற ஓவியர் அந்தக் காட்சியைத் தீட்டினார். 1890இல் மலையுச்சிக்கு அருகில் நினைவுக்கல் ஒன்றும் நாட்டப்பட்டது. இறந்த மனிதனைவிட அவனுடைய நாயே அதிகம் புகழ்பெற்றது.

ஆனால், நேயர்களே, ஒரு சங்கடமான கேள்வி இருக்கிறது. மூன்று மாதம் அந்த நாய் எதைத் தின்று உயிர் வாழ்ந்தது? நரியையும் காகத்தையும் விரட்டி எசமானின் உடலை அது காத்து நின்றது என்று பாடினார் ஸ்கொட். அது எப்படிப் பசியாறியது என்பது அந்த அன்பைக் கொடுத்த ஆண்டவனுக்கே வெளிச்சம் என்ற பொருள்பட எழுதி முடித்தார் வேர்ட்ஸ்வேர்த். அக்காலத்துக் கார்லைல் நகரப் பத்திரிகை ஒன்றோ, நாய் தன் எசமானையே தின்றுவிட்டது என்று கூசாமல் அச்சிட்டது. நேரிற் கண்ட சாட்சி எவருமில்லை. கவிஞர்களுக்கு ஒரு புனிதப் பிராணி தேவைப்பட்டது. பத்திரிகைக்கு ஒரு பேய் தேவைப்பட்டது. நாயை நாயாகப் பார்க்க இரு பகுதியாருக்கும் மனம் வரவில்லை.

இன்னுமொரு செய்தி உண்டு. அந்த நாய் மலையிலே குட்டி ஈன்றிருந்தது. குட்டி செத்துக் கிடந்தது. நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய ஒன்பது கிழமை. அப்படியானால், எசமானோடு மலையேறிய அன்றைக்கே அது சினையாக இருந்திருக்கக்கூடும். மலைக்குப் போவதென்று தீர்மானித்தவன் மனிதன். எந்த வழி, எந்த நாள், எந்த வானிலை என்று தெரிந்தெடுத்தவனும் அவனே. நாய் எதையும் தெரிந்தெடுக்கவில்லை, பின்னால் போயிற்று. இரண்டு கவிதைகளும் நாயின் கடமையைப் பாடின. அதை அங்கே அழைத்துச் சென்றவனின் கடமையைப் பற்றி இரண்டுமே வாய் திறக்கவில்லை.

நாயை நாயாகவே பார்த்த எழுத்தாளர் ஒருவர் நூறு ஆண்டு கழித்து அதே மலைநாட்டுக்கு வந்தார். அவர் பீட்ரிக்ஸ் பொட்டர் அம்மையார். குழந்தைகளுக்குச் சித்திரக் கதைகள் எழுதிச் சம்பாதித்த பணத்தில் 1905இல் அங்கே ஒரு பண்ணையை வாங்கினார். பின்னாளில் ஹேர்ட்விக் இனச் செம்மறிகளை வளர்ப்பதிலே பெயரெடுத்தார். 1943இல் அவர் இறந்தபோது ஏறக்குறைய 4,000 ஏக்கர் நிலம் அவருடைய விருப்பப்படி தேசிய நம்பிக்கை நிதியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1908இல் அவர் எழுதிய ஜெமீமா என்ற வாத்தின் கதையிலே கெப் என்று ஒரு கொலி நாய் வருகிறது. அது அவருடைய சொந்த நாயின் பெயர். நரியிடம் ஏமாந்துபோன வாத்தைக் காப்பாற்ற, கெப் இரண்டு வேட்டைநாய்க் குட்டிகளைத் துணைக்கு அழைத்துப் போகிறது. நரி ஒழிந்தது, வாத்து தப்பியது. ஆனால் கெப் தடுப்பதற்குள், வாத்து இட்ட முட்டைகளை அந்த நாய்க்குட்டிகள் விழுங்கிவிட்டன! குழந்தைக் கதைதான் என்றாலும், பட்டியிலே நாயோடு புழங்கியவரால்தான் இப்படி எழுத முடியும். காப்பாற்ற வந்த நாய்க்கும் பசி உண்டு, பல் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

இந்த உண்மையை ஒப்புக்கொண்டால்தான் நாயோடு மலையேறுவது எப்படி என்பதும் விளங்கும். அங்கே உயர்ந்த மலைச்சரிவுகளிலே வேலி மிகக் குறைவு. ஹேர்ட்விக் ஆடு தன் மேய்ச்சல் எல்லையைத் தாயிடமிருந்து கற்றுக்கொள்கிறது. தாய் மேய்ந்த சரிவிலேயே குட்டியும் மேய்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்த அறிவுதான் வேலி. விளையாட்டாக ஒரு நாய் துரத்தினாலும் போதும்: சினையாடு கருவை இழக்கலாம்; குட்டி தாயைப் பிரிந்து சாகலாம். இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டின் சட்டமொன்று, பொதுமக்கள் நடமாட உரிமையுள்ள திறந்த நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீற்றருக்கு மேற்படாத கயிற்றிலே பிடித்திருக்க வேண்டும் என்று விதிக்கிறது. நிலத்திலே கூடு கட்டும் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம் அது. கால்நடைகளின் அருகிலென்றால் எக்காலத்திலும் கயிறு வேண்டும்.

அதே நாட்டில் நடைப்பயணிகளுக்கு ஓர் அறிவுரையும் சொல்லப்படுகிறது. மாடுகள் உங்களைத் துரத்தி வந்தால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். மாடு குறிவைப்பது நாயை. நாய் உங்களைவிட விரைவாக ஓடித் தப்பிவிடும். ஆட்டின் முன்னால் பிடித்த கயிற்றை மாட்டின் முன்னால் விட வேண்டியிருக்கிறது. எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்ற தீர்மானம் மனிதனுடையது.

2020 ஜூலையில், இங்கிலாந்தின் அதியுயர்ந்த சிகரமாகிய ஸ்காஃபெல் பைக்கிலிருந்து இறங்கி வந்த டெய்சி என்ற சென் பேர்ணாட் நாய், பின்னங்கால் நோவினால் மேற்கொண்டு நடக்க மறுத்து உட்கார்ந்துவிட்டது. அதன் எடை 55 கிலோகிராம். தொண்டர்கள் பதினாறு பேர் மலைக்குப் போய், காயப்பட்ட மனிதனைச் சுமப்பதுபோல அதைத் தூக்குப்படுக்கையில் கிடத்திச் சுமந்து இறக்கினார்கள். முழு வேலைக்கும் ஐந்து மணித்தியாலம் பிடித்தது. பனிமலையிலே மனிதரை மீட்பதற்குப் பேர்போன இனம் அது. அந்த இனத்து நாயை மனிதர் தோளிலே சுமந்து வந்தார்கள் என்பதைக் கேட்கும்போது, ஏதோ ஒரு பழங்கடன் தீர்ந்ததுபோல மனம் நிறைகிறது.

மலையில் காணாமற்போனவர்களைத் தேடும் நாய்களும் அங்கே உண்டு. ஸ்கொட்லாந்திலே ஹேமிஷ் மக்கின்னஸ் என்ற மலையேறி 1965இல் அத்தகைய நாய்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அந்த நாய்களுக்குரிய சோதனைகளிலே ஒன்று நம் கவனத்துக்குரியது. செம்மறிக் கூட்டத்தின் நடுவே விட்டாலும் ஆட்டைத் தொடாது என்பதை நிரூபித்த நாய்தான் மனிதனைத் தேடும் வேலைக்கு எடுத்துக்கொள்ளப்படும். அந்தக் குணத்தைப் பொறுமையோடு பழக்கி எடுப்பவன் மனிதனே.

இறுதியாக, நாமெல்லோரும் அறிந்த ஒரு மலையேற்றம். பாரதத்தின் முடிவிலே தருமர் இமயமலை ஏறுகிறார். திரௌபதியும் தம்பிமாரும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்துவிட, ஒரு நாய் மாத்திரம் கூடவே வருகிறது. தேரோடு வந்த இந்திரன், சுவர்க்கத்திலே நாய்க்கு இடமில்லை, அதை விட்டுவிட்டு ஏறு என்கிறான். நம்பி வந்ததைக் கைவிட்டு எனக்குச் சுவர்க்கம் வேண்டாம் என்கிறார் தருமர். நாயாக வந்தது தருமதேவதை என்பது பிறகுதான் வெளியாகிறது. அந்தக் கதையில் நாய் ஒரு சாகசமும் செய்யவில்லை. பின்னால் வந்தது, அவ்வளவுதான். சோதனை முழுவதும் மனிதனுக்கு.

ஹெல்வெலின் மலையிலே நாட்டிய கல் நாயின் விசுவாசத்துக்கு நாட்டியது. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் நாயோடு மலையேறுகிறவன் அந்தக் கல்லைவிடத் தருமரின் மறுமொழியை நினைவில் வைத்திருப்பது நல்லது. தருமர் விட மறுத்ததும், மாடு பாய்ந்து வரும்போது கயிற்றை விட்டுவிடுவதும் ஒரே நியாயத்தைச் சேர்ந்தவை. நம்மை நம்பிப் பின்னால் வந்த உயிருக்கு அந்த நேரத்தில் எது நன்மை என்று பார்ப்பதுதான் அந்த நியாயம்.