ஏலகிரி உச்சியும் செவ்வாத்தூர்க் கல்லும்

ஏலகிரிக்குப் போகிறவர்கள் பலர் படகுத் துறையோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். அங்கே மங்கலம் கிராமத்திலிருந்து, ஏலகிரியின் உச்சியான சுவாமிமலைக்குக் காட்டுப்பாதையில் ஏறிப் பாருங்கள். விடியலில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் உச்சி. கீழே ஜோலார்பேட்டைத் தண்டவாளங்கள் கோலமிட்டதுபோல் கிடக்கும்.

அந்த மலையின் பாறை சயனைட் (syenite). ஏறக்குறைய 75 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் கொதித்த குழம்பு இறுகி உண்டானது. அதன் பங்காளி ஒன்று திருப்பத்தூர் பக்கம் செவ்வாத்தூரில் இருக்கிறது. பெயர் கார்பனடைட். சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கடலடியில் சிப்பியும் கிளிஞ்சலும் படிந்து உருவாவது. இதுவோ நெருப்புக் குழம்பாகவே மேலே வந்த சுண்ணாம்பு! ஒரு சொட்டு அமிலம் விட்டால் சோடாவாக நுரைக்கும்.

தோல் பதனிடும் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குச் சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தோலிலிருந்து முடி கழல அதைச் சுண்ணாம்பு நீரில்தானே ஊறப்போடுகிறார்கள்!

செவ்வாத்தூரில் வெர்மிகுலைட்டும் கிடைக்கிறது. அப்பிரகம் மாதிரி ஏடு ஏடாக இருக்கும். சூடு பட்டதும் பொரியாகப் பல மடங்கு உப்பிவிடும். உங்கள் மாடித் தோட்டத் தொட்டியில், மண்ணோடு பொன்னிறமாக மினுங்குகிறதே, அதுதான்.